அம்மன் எல்லைக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷன்

போன வாரம் போதைப்பொருள் மறுவாழ்வு இல்லத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். இருவரும் வேலைக்குப் புதிது. "ஐயா, உங்க காலத்துல ஜெயில்லேர்ந்து வெளிய வர்றவங்கள்ட்ட முதல் கேள்வி என்னா கேப்பீங்க?" என்றாள் அந்தப் பெண். "சாப்பிட்டியான்னு கேப்போம்" என்றேன். அவள் பேனாவைப் பிடித்தபடி இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தாள். இரண்டாவது கேள்வி எங்களிடம் இருந்ததில்லை. கிழவன் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்திருப்பாள், பாவம். தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததிலிருந்து பிள்ளை துவானின் முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், ஜெயிலிலிருந்து விடுதலையாகி வருபவர்களுக்கு உதவ மலாக்காவில் ஒரு சின்னச் சங்கம் இருந்தது. நான் அதில் விசிட்டர். ஆளை ஜெயில் வாசலில் எதிர்கொள்வது, வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சேர்த்தபின் போய்ப் போய்ப் பார்ப்பது, இதுதான் வேலை. அதற்கு முன் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. சங்கத்தை நடத்திய பிள்ளை துவான் பின்னாலேயே நடந்தேன், அவர் செய்ததைச் செய்தேன்.

பிள்ளை துவான், துவான் என்றால் மலாயில் ஐயா, மலாக்காச் செட்டி வம்சம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து, வீட்டிலும் மலாய் பேசுகிறவர்கள். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். "எனக்குத் தமிழ் காதுக்கு மட்டும்தான், நாக்குக்கு இல்லை" என்பார், அதையும் மலாயில்தான் சொல்வார். நாங்கள் தமிழில் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் மலாயில் வரும். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை. மழையோ வெயிலோ குடையை விரித்து நான் பார்த்ததில்லை. எதிரே இருப்பவன் உட்காரும்வரை தான் உட்கார மாட்டார். அவன் தரையில் உட்கார்ந்தால் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இவரும் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

விடுதலை நாளில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஜெயில் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. சாலைக்கு இந்தப் பக்கம், மரத்தடியில் நிற்க வேண்டும். வருகிறவன் அந்தச் சாலையைத் தானாகக் கடந்து வரட்டும் என்பார். சிலர் வண்டி எதுவும் வராதபோதுகூடக் கடக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருப்பார்கள். போய் அழைத்து வர எனக்குக் கால் துடிக்கும். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அவன் வந்து சேர்ந்ததும் முதல் பேச்சு, "சுடா மாக்கான்?" சாப்பிட்டாயிற்றா? ஜெயிலில் கஞ்சி கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனாலும் ஆயிற்று என்று எவனும் சொன்னதில்லை. பிறகு சாப்பாட்டுக் கடை. எந்தக் கடை என்று அவன்தான் சொல்ல வேண்டும். ரொம்ப நாளாக எதையுமே தேர்ந்தெடுக்காதவன் அல்லவா? தெருவில் நின்று இந்தக் கடையா அந்தக் கடையா என்று திணறுவான். நாங்கள் அவசரப்படுத்த மாட்டோம். சாப்பிட்டு முடிக்கும்வரை கேள்வி கிடையாது, புத்திமதி கிடையவே கிடையாது. அதன்பின் சவரம், ஒரு நல்ல சட்டை.

சம்சு குடித்துக் குடித்துக் கை நடுங்குகிறவர்களை நேராக வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். சம்சு என்றால் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சாராயம். ஜெயிலில் விட்டுப்போன நடுக்கம்கூட வெளியே வந்ததும் திரும்பி வரும், அது ஒரு விசித்திரம். தங்கா பத்து கடலோரத்தில் ஒரு பழைய பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். அங்கே மலாய் மீனவர்களோடு உட்கார்ந்து வலை பின்னுவார்கள். முடிச்சு நேராக விழ ஆரம்பித்தால் ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம்.

என்னை வேலைக்கு எடுத்தபோது அவர் கேட்டது இரண்டுதான். சாப்பிட்டாயா? வீட்டில் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை என்றேன். என் மனைவி பிரசவத்துக்காகக் கப்பலேறி ஊருக்குப் போனவள். அவள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்துவிட்டான். கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. சண்டை முடிந்து முதல் கப்பலில் வந்த அவள் சித்தப்பா மகன்தான் சொன்னான், தாயும் பிள்ளையும் பிரசவத்திலேயே போய்விட்டார்கள் என்று. அவர்கள் இருக்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வருடங்கள் முழுக்க அவர்கள் இல்லை. பிள்ளை துவான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாளைக்கு வந்துவிடு என்றார்.

இனி காளிமுத்து.

மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவன் அவன். நல்ல வேலைக்காரன். மத்தியானம் தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஆரம்பித்து, அது போதாமல் சம்சுவில் போய் விழுந்தான். அப்போது தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். கேட்டில் காவல். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விட மாட்டார்கள். காளிமுத்து வீட்டு அரிசியை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் சம்சு வாங்கப் போனான், பிடிபட்டான். சம்சுவுக்குத்தான் என்று அவன் சொன்னதை யார் நம்புவார்கள்? மறுநாள் பட்டாளம் வந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீடு விடாமல் அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தேடியது. அவன் பெண்சாதி செல்லம்மா மண்ணில் கொட்டிய அரிசியைப் பொறுக்க உட்கார்ந்தபோது, "எல்லாம் ஒம் புருசனாலதான்" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பேசியதை ஒரு வார்த்தைகூட மறக்காமல் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவனுக்குத் தண்டனை முடிந்து, தங்கா பத்துவில் வலைமுடிச்சும் நேரான பிறகு, நான் தோட்டத்துக்குப் போய்ச் செல்லம்மாவைப் பார்த்தேன். பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவர வேணாம்னு நான் சொல்லல ஐயா. சோறு போட மாட்டேன்னுதான் சொல்றேன்."

"எத்தன நாளைக்கும்மா?"

"அம்மன் திருவிழா முடியட்டும். அது வரைக்கும் வாய நனைக்காம இருந்து காட்டட்டும். அன்னிக்கு ஒலை வைக்கிறேன். நடுவுல ஒரு மங்கு குடிச்சாலும் செரி, எங்க அண்ணன் ரெங்கம்ல இருக்கான், நான் அங்க போயிருவேன். அப்புறம் என்ன யாரும் தேடக் கூடாது."

திருவிழாவுக்குப் பல மாதம் இருந்தது. கள்ளுக்கடையோ, வேலி போட்டபோது கேட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டது. கோயிலுக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்தது. அதைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. போதாக்குறைக்கு, காளிமுத்து வாராவாரம் மெர்லிமாவ் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. ஒரு வாரம் தவறினாலும் மறுபடி உள்ளே.

வழி சொன்னது காளிமுத்துதான். தோட்டத்துக்கு வந்த அன்றே அம்மன் கோயில் பூசாரி காலில் விழுந்தான். "எனக்குக் காப்புக் கட்டிவுடுங்க அண்ணே. தாகத்த நான் பாத்துக்குவேன். கூட்டாளிங்க கூப்புடுறதத்தான் என்னால தாங்க முடியாது. கையில காப்பு இருந்தா எவனும் ஊத்த மாட்டான்."

காப்பு என்பது மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு. திருவிழாவுக்கு விரதம் இருப்பவர் மணிக்கட்டில் கட்டுவது. அதைக் கட்டியவன் குடிக்கக் கூடாது. அவனுக்குக் கொடுப்பவனுக்கும் அந்தப் பாவம் உண்டு என்பது தோட்டத்து நம்பிக்கை. திருவிழா இல்லாமல் காப்பா என்று பூசாரி வேலு முதலில் முரண்டு பிடித்தார். பிறகு அம்மன் முகத்தையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டினார். இரவு கோயில் கொட்டகையில் படுக்கை, பூசாரி வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு ஆனது.

அது நன்றாகவே வேலை செய்தது. ஒருநாள் மத்தியானம் அவன் தன்னை மறந்து கள்ளுக்கடை வாசலில் போய் நின்றிருக்கிறான். கடைக்காரர் பதறி எழுந்து, "காப்போட இங்க நிக்காதப்பா, என் கட தாங்காது, போயிருலா" என்று கும்பிட்டாராம். குடித்துக்கொண்டிருந்தவர்கள் கள் மங்குகளைக் கீழே வைத்துவிட்டு, அவன் போகிற வரையில் கையில் எடுக்கவில்லையாம். எந்தச் சங்கத்து அதிகாரியால் இதைச் செய்ய முடியும்?

ஆனால் ஒன்றை நாங்கள் அத்தனை பேரும் மறந்திருந்தோம். காப்புக் கட்டியவன் அம்மன் எல்லையைத் தாண்டக் கூடாது. திருவிழாக் காலத்தில் யாரும் வெளியே போவதில்லை, ஆகவே பூசாரிக்கு அது தோன்றவே இல்லை. முதல் கையெழுத்து நாள் வந்தது. கேட் வரை போன காளிமுத்து திரும்பி வந்து கோயிலில் உட்கார்ந்துவிட்டான்.

நான் மெர்லிமாவில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஸ்டேஷன் சார்ஜன் கூப்பிட்டார். பெரிய மீசை வைத்த மலாய்க்காரர். சாயங்காலத்துக்குள் உங்கள் ஆள் வராவிட்டால் நான் போய்த் தூக்க வேண்டியிருக்கும், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள் என்றார். தோட்டத்துக்கு ஓடினேன்.

"அவுத்து வச்சிட்டுப் போயிட்டு வந்து மறுபடி கட்டிக்கடா" என்றேன், வந்த எரிச்சலில்.

காளிமுத்து மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டான். "அவுத்துட்டுப் போனா, திரும்பி வர்றது நானா இருக்க மாட்டேங்கய்யா. டவுன்ல சம்சு எங்க கெடைக்கும்னு இந்தக் காலுக்குத் தெரியும். காப்போட தாண்டுனா அம்மா விட மாட்டா. நான் ஜெயிலுக்கே போயிர்றேன்."

செல்லம்மா கொஞ்சம் தள்ளிப் பெண்களோடு நின்றிருந்தாள். அவன் ஜெயில் என்றதும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஆபீஸுக்கு ஓடி, பிள்ளை துவானுக்கு டெலிபோன் போட்டேன்.

அவர் தன் பழைய காரில் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. வந்தவர் கோட்டை மடித்து வைத்தார், காளிமுத்துவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "சுடா மாக்கான்?" என்றார். அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பூசாரி வாழைப்பழம் கொண்டுவந்தார். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. துவான் அவன் பழத்தைத் தின்று முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை.

பிறகு பூசாரியிடம் மலாயில் கேட்டார். அம்மன் எல்லை எது?

"வேலிதான் துவான். வேலியோரமா நாலு மூலைலயும் எலுமிச்சம்பழம் அறுத்து எல்லை கட்டுவோம்."

வேலி வந்து கொஞ்ச வருடம்தானே ஆகிறது, அதற்கு முன்னால்?

"முந்தியெல்லாம் ஆத்துப் பாலம் வரைக்கும் இருந்திச்சு. வேலி போட்டப்பறம் வெளிய போவ விடல. அதான் உள்ளாற இழுத்துக் கட்டிட்டோம்."

அப்படியானால் போலீஸுக்காக ஒரு முறை அம்மா தன் எல்லையைச் சுருக்கிக்கொண்டாள், இல்லையா, என்றார் துவான். இன்னொரு முறை அவளை நீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பூசாரி தலையைச் சொறிந்தார். அவர் வாய் திறக்கும் முன்னால் செல்லம்மா குரல் கேட்டது. "எலுமிச்சத் தட்ட நான் எடுக்கிறேன்." சொன்னவள் காளிமுத்துவின் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் அவன் நிமிர்ந்து அவளையே பார்த்தான்.

கூட்டம் கூடத் தடை இருந்ததால் மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை. பூசாரி, தட்டோடு செல்லம்மா, காளிமுத்து, துவான், நான். கேட்டில் காவலாளி மறித்தான். எலுமிச்சை சாப்பிடும் பொருளாம், வெளியே போகக் கூடாதாம். துவான் நிறுத்தி நிதானமாகப் பேசியதில், ஒரு கைப்பிடி மட்டும் விட்டான்.

கேட்டுக்கு வெளியே பூசாரி முதல் பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் எறிந்தார். அதன் பிறகே காளிமுத்து ஓர் அடி எடுத்து வைத்தான். இப்படியே போனோம். முன்னால் போய்ப் பழம் அறுப்போம். அவன் பின்னால் காத்திருப்பான். அம்மன் எல்லை அவன் காலடிக்கு வந்து சேர்ந்ததும் நடப்பான். பாலத்தில் ஒன்று, வளைவில் ஒன்று. கள் வாசனையில்லாத அவன் மூச்சு எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. மெர்லிமாவ் கடைத்தெருவில் சீனக் காப்பிக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

பாசார் என்கிற சந்தை முன்னால் வந்தபோது தட்டு காலி. ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிறது, எல்லை இங்கே நிற்கிறது. நடுத்தெருவில் காளிமுத்து அப்படியே நின்றான். காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒரு மலாய் மாக்சிக், அத்தை வயதுக்காரி, எங்களையும் காலித் தட்டையும் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, கை நிறைய எலுமிச்சையை அள்ளிச் செல்லம்மாவின் தட்டில் போட்டாள். "அம்பில்லா," எடுத்துக்கொள், என்றாள். செல்லம்மா அங்கேதான் அழுதாள்.

ஸ்டேஷன் வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தது. சார்ஜன் படியில் இடுப்பில் கை வைத்து நின்றார். துவான் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சார்ஜன் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். பூசாரி படிக்குக் கீழே கடைசிப் பழத்தை அறுக்கப் போனபோது, சார்ஜன் கை நீட்டித் தடுத்தார்.

"கையெழுத்துப் போடும் மேசை உள்ளே அல்லவா இருக்கிறது? வாசலோடு நிறுத்தினால் எப்படி?" என்றார் மலாயில். "உள்ளே வந்து அறுங்கள். மேசைமேல் மட்டும் சாறு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அப்படித்தான் மெர்லிமாவ் போலீஸ் ஸ்டேஷன் மாரியம்மன் எல்லைக்குள் வந்தது. திருவிழா வரும்வரை வாராவாரம் அவன் காப்போடு போய்க் காப்போடு திரும்பினான்.

திருவிழாவும் வந்தது. கடைசி நாள் பூசாரி காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். எனக்கு அந்த நாளைப் பற்றித்தான் பயம். தோட்டமே கள்ளுக்கடையில் கூடுகிற நாள் அது. காளிமுத்து வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றான். காப்பு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. கடையிலிருந்து அவன் பழைய கூட்டாளி ஒருவன் கள் மங்கு ஒன்றை உயர்த்திக் காட்டினான். "மச்சான், இப்பத்தான் காப்பு இல்லியே, வாலா!" அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வெறும் பிரியம்தான். காளிமுத்துவின் கால் அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். பிள்ளை துவான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், ஜெயில் வாசலில் பிடிப்பதைப் போல.

அப்போது லயத்துப் பக்கமிருந்து செல்லம்மா வந்தாள். கையெல்லாம் அடுப்புக் கரி. கடைக்கு எதிரில், எல்லார் காதிலும் விழும்படி, எரிந்து விழுகிற குரலில் கூப்பிட்டாள்.

"அங்க என்னா நின்னுக்கிட்டு? வாங்க, சோறு ஆறுது."

அவன் போனான். கள்ளுக்கடையைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், சின்னப் பிள்ளையைப் போல அவள் பின்னால் போனான். பிற்பாடு அவன் ஒரு முறை குடியில் வழுக்கி விழுந்ததும் உண்டு. அப்போது மறுபடி காப்புக் கட்டி எழுந்தான். ஆனாலும் சாகும்வரை அந்த வீட்டில்தான் சாப்பிட்டான்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். காரில் ஏறியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். எத்தனையோ பேரைச் சோற்றுக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை, அந்தக் கோபக் குரலில், என்னைப் பார்த்துச் சொன்னவள் கப்பலேறிப் போய் எவ்வளவு காலம் ஆயிற்று! ஒரு முறை, ஒரே ஒரு முறை அதைக் கேட்க மாட்டோமா என்று இருந்தது. வழி நெடுக ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வழக்கமாக என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார். அன்று கார் நேராக அவர் வீட்டுக்குப் போனது. உள்ளேயிருந்து தேங்காய்ப்பால் கறி வாசனை வந்தது. நான் வாசலிலேயே நின்றேன். படியேறிப் போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்தார். தமிழ் நாக்குக்கு இல்லை என்று எப்போதும் சொல்கிற மனிதர், மத்தியானம் கேட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னார்.

"வாங்க. சோறு... ஆறுது."

துவான் போய் ரொம்ப வருடமாகிறது. சங்கமும் இல்லை. நானே பொங்கி நானே சாப்பிடுகிறேன். சோற்றைத் தட்டில் போட்டதும் உடனே உட்கார்வதில்லை. அது ஆறுகிறவரைக்கும் வாசல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.